கையால் செய்த மீ: மலிவும் சுவையும் எங்கிருந்து வருகின்றன?

ஜொகூர் பாருவின் பழைய நகரப் பகுதி உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஜாலான் உங்கு புவானில் ஸ்ரீ ராஜமாரியம்மன் ஆலயம். அங்கிருந்து நடக்கும் தூரத்தில், ஜாலான் துருஸில், பழைய சீனக் கோயில். அருகிலேயே ஜாலான் தான் ஹியோக் நீ. இந்தத் தெருக்களிலும், நீங்கள் குடியிருக்கும் தாமானின் கடைவரிசைகளிலும், காலை நேரத்தில் ஒரு காட்சி அடிக்கடி கண்ணில் படும். கோப்பிக் கடையின் ஓரத்தில் ஒரு சிறிய ஒட்டுக்கடை. மாவு தூவிய ஒரு பலகை. ஈரத் துணியால் மூடிய மாவு உருண்டைகள். கொதிக்கும் பெரிய பானை. ஒரு ஆன்டி மாவைப் பிய்த்துப் பிய்த்துப் பானையில் போடுவார். சில நிமிடங்களில் ஒரு கிண்ணம் மீ உங்கள் மேசைக்கு வந்துவிடும்.

இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கோதுமை மாவு, தண்ணீர், உப்பு ஆகிய மூன்றே பொருள்களில் இவ்வளவு சுவை எப்படி வருகிறது? கையால் செய்த பொருள் என்றால் விலை கூடுதலாக இருக்க வேண்டும் அல்லவா, இது மட்டும் எப்படி மலிவாகக் கிடைக்கிறது? இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்தால், உங்கள் வட்டாரத்தில் எந்தக் கடையில் நல்ல மீ கிடைக்கும், எந்த மீயைத் தொடக்கூடாது என்று நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

ஐந்து சமூகம், பல மீ

முதலில் கொஞ்சம் வரலாறு. 19ஆம் நூற்றாண்டில் ஜொகூரில் மிளகு, காம்பிர் தோட்டங்கள் போடச் சீனர்கள் பெருமளவில் வந்தார்கள். ஆற்றங்கரை நிலங்களைச் சீனத் தலைவர்களுக்கு ஒதுக்கிக் கொடுத்த அந்த ஏற்பாட்டுக்குக் ‘காங்சூ’ முறை என்று பெயர். தெருப் பெயரில் நாம் காணும் தான் ஹியோக் நீ அக்காலத்தின் முக்கியத் தலைவர்களில் ஒருவர்; தியோச்சூ சமூகத்தவர். தியோச்சூ மக்கள் நிறைந்திருந்ததால் ஜொகூர் பாருவுக்குச் ‘சின்ன சுவாத்தோவ்’ என்ற செல்லப் பெயரும் உண்டு. சுவாத்தோவ் என்பது சீனாவில் அவர்கள் கப்பலேறிய துறைமுகம்.

ஜாலான் துருஸில் உள்ள பழைய கோயிலை தியோச்சூ, ஹொக்கியன், காந்தோனீஸ், ஹக்கா, ஹைனான் ஆகிய ஐந்து சமூகத்தாரும் சேர்ந்து நடத்துகிறார்கள். ஒவ்வொரு சமூகமும் தன் சமையலையும் கொண்டுவந்தது. தட்டையான ‘மீ போக்’ தியோச்சூக்காரர்களுடையது. பருத்த மஞ்சள் மீ ஹொக்கியன் வழி வந்தது. மெல்லிய ‘வான்தான் மீ’ காந்தோனீஸ் மக்களுடையது. நாம் இங்கே பேசப்போகும் ‘பான் மீ’யை ஹக்காக்காரர்களும் ஹொக்கியன்காரர்களும் தங்களுடையது என்பார்கள். ஹைனான் மக்கள் கோப்பிக் கடைகளுக்குப் பேர்போனவர்கள். இந்த மீ எல்லாவற்றுக்கும் மேசை போட்டுக் கொடுத்தது அந்தக் கடைகள்தான்.

மஞ்சள் மீ சீனர்களிடமே நின்றுவிடவில்லை. மலாய்க்காரர்கள் கையில் அது மீ ரெபுஸ் ஆனது, மூவாரில் மீ பண்டுங் ஆனது. நம் இந்திய முஸ்லிம் சமையல்காரர்கள் கையில் அதே மீ, தக்காளியும் மிளகாயும் உருளைக்கிழங்கும் சேர்ந்து மாமாக் கடை மீ கோரேங் ஆனது.

‘பான்’ என்றால் பலகை. முன்பு மாவைத் தட்டிப் பரப்பி, மரக்கட்டையை அளவுகோல் போல வைத்துக் கத்தியால் கீற்றுகளாக நறுக்கியதால் அந்தப் பெயர் வந்ததாகச் சொல்வார்கள். நறுக்காமல் கையாலேயே பிய்த்துப் போட்டால் அதை ஜொகூர் பக்கம் ‘மீ ஹூன் குவே’ என்பார்கள். பெயரைக் கேட்டு அரிசியில் செய்யும் மீ ஹூன் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே அந்தச் சொல்லுக்குக் கோதுமை மாவு என்று பொருள். ‘குவே’ என்றால் பலகாரம்.

மாவுக்குள் ஒரு வலை

அரிசி மாவைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து இழுத்துப் பாருங்கள். உடனே உடையும். கோதுமை மாவு மட்டும் ஏன் ரப்பர்போல நீள்கிறது?

கோதுமையில் குளூட்டெனின், கிளையடின் என்று இரண்டு வகைப் புரதங்கள் உள்ளன. உலர்ந்த மாவில் இவை ஒன்றோடொன்று சேராமல் கிடக்கும். தண்ணீர் பட்டவுடன் ஊறி, ஒன்றையொன்று பற்றத் தொடங்கும். பிசையப் பிசைய அந்தப் பிடிப்பு வலுவாகி, மாவு முழுவதும் ஒரு வலையாகப் படரும். இந்த வலைக்குத்தான் குளூட்டன் என்று பெயர். குளூட்டெனின் வலைக்கு மீள்தன்மையைத் தருகிறது. இழுத்து விட்டால் பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கும். கிளையடின் நீளும் தன்மையைத் தருகிறது. இழுத்தால் அறுந்து போகாமல் வழிந்து கொடுக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் நீளவும் வேண்டும், அறுந்துவிடவும் கூடாது என்ற இரட்டை வேலை நடக்கும்.

அரிசியிலும் புரதம் உண்டு. ஆனால் இப்படி வலை பின்னும் புரதம் அதில் இல்லை. அதனால்தான் இடியாப்ப மாவை நாம் இழுப்பதில்லை. உரலில் போட்டுப் பிழிகிறோம்.

கடையில் வாங்கும் மாவுகளில் புரத அளவு வேறுபடும். கேக் மாவில் சுமார் 7 முதல் 9 விழுக்காடு. சாதாரண மாவில் 9 முதல் 11 விழுக்காடு. ரொட்டி மாவில் 12 முதல் 14 விழுக்காடு. கேக் மெதுவாக உதிர வேண்டும், ஆகவே புரதம் குறைவு. மீ பல்லில் நின்று கடிபட வேண்டும், ஆகவே நடுத்தர அளவோ அதற்கு மேலோ வேண்டும்.

உப்பு சுவைக்கு மட்டும் சேர்க்கப்படுவதில்லை. மாவின் எடையில் 1 முதல் 2 விழுக்காடு உப்பு சேர்த்தால் குளூட்டன் வலை இறுகும், பிசுபிசுப்பு குறையும்.

மாவு ஏன் ஓய்வெடுக்கிறது?

நல்ல மீ கடையில் மாவு உருண்டைகள் துணிக்கு அடியில் சும்மா கிடப்பதைப் பார்க்கலாம். அது சோம்பல் அல்ல, வேலையின் ஒரு பகுதி. பிசைந்து முடித்தவுடன் வலை முறுக்கேறிய நிலையில் இருக்கும். அப்போது தட்டிப் பரப்பினால் மாவு சுருங்கித் திரும்பி வரும். அரை மணி நேரம் விட்டு வைத்தால் புரத இழைகளின் இறுக்கம் தளரும். உலர்ந்து கிடந்த துகள்களுக்கும் தண்ணீர் போய்ச் சேரும். பிறகு அதே மாவு சொன்னபடி கேட்கும். ஈரத் துணி எதற்கு? மேல்பரப்பு காய்ந்து ஓடு கட்டாமல் இருக்க.

மாமாக் கடையில் ரொட்டி சானாய் போடுபவர் மாவு உருண்டைகளை எண்ணெயில் ஊறவிட்டிருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? அங்கேயும் இதே ஓய்வுதான். ஈரத் துணி செய்யும் வேலையை அங்கே எண்ணெய் செய்கிறது. அந்த ஓய்வு இல்லாமல் மாவை வீசி, தாள்போல விரிக்க முடியாது. சீனத்து ஆன்டியும் மாமாக் கடை அண்ணனும் ஒரே புரதத்தோடுதான் பழகுகிறார்கள்.

மஞ்சள் நிறத்தின் ரகசியம்

பான் மீ வெளிர் நிறமாக இருக்கும். மீ கோரேங்கில் போடும் மீ மட்டும் பளிச்சென்ற மஞ்சள். ஏன்?

மஞ்சள் மீயில் காரநீர் சேர்க்கப்படுகிறது. பள்ளியில் ‘அல்காலி’ என்று படிக்கிறீர்களே, அதுதான். சோடியம் கார்பனேட், பொட்டாசியம் கார்பனேட் ஆகிய உப்புகளைக் கரைத்த நீர் இது. மலாயில் இதை ‘ஆயர் அபு’, அதாவது சாம்பல் நீர் என்பார்கள். பழங்காலத்தில் செடிகளை எரித்த சாம்பலிலிருந்துதான் இதை எடுத்தார்கள். கோதுமை மாவில் ஃபிளேவோன் என்ற இயற்கை நிறமிகள் உள்ளன. சாதாரண நிலையில் அவற்றுக்கு நிறம் தெரியாது. காரம் பட்டவுடன் மஞ்சளாகும். அதே காரம் குளூட்டன் வலையையும் இறுக்குவதால் மீ வழுக்கலாகவும் கடிக்கும்போது விறைப்பாகவும் இருக்கும். மஞ்சள் மீயில் வரும் அந்தத் தனி வாசனையும் காரத்தினால் வருவதே. இப்போது சில இடங்களில் உணவுச் சாயமும் சேர்க்கிறார்கள். ஆகவே நிறம் அடர்த்தியாக இருந்தால் எல்லாம் காரத்தின் வேலை என்று சொல்லிவிட முடியாது.

வான்தான் மீ போடும் கடையில் வெந்த மீயைக் குளிர்ந்த நீரில் முக்கி, மறுபடி கொதிநீரில் காட்டி எடுப்பார்கள். காந்தோனீஸ் மொழியில் இதைக் ‘குளிர்ந்த ஆற்றைக் கடத்துவது’ என்பார்கள். இதனால் வேகும் செயல் சட்டென்று நின்றுவிடும். மேலே ஒட்டிய மாவுச்சத்தும் காரச் சுவையும் கழுவப்படும். மீ ஒன்றோடொன்று ஒட்டாது.

எட்டு மடிப்பில் 256 மீட்டர்

பலகையும் கத்தியும் இல்லாமல் வெறும் கையால் மாவை இழுத்தே மீ செய்பவர்களும் உண்டு. அதற்கு ‘லா மியென்’ என்று பெயர். ‘லா’ என்றால் இழுப்பது. சீனாவின் லான்சோவ் நகரத்துச் சீன முஸ்லிம்களின் மாட்டிறைச்சி லா மியென் உலகப் புகழ் பெற்றது. மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் அதைச் சாப்பிடப் போக வேண்டாம். இழுக்கும் வேடிக்கையையும் அதன் கணக்கையும் மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

3 சென்டிமீட்டர் விட்டமும் 1 மீட்டர் நீளமும் உள்ள ஒரு மாவுக் கயிற்றை எடுத்துக்கொள்வோம். அதை இரண்டாக மடித்து, மீண்டும் 1 மீட்டர் நீளத்துக்கு இழுத்தால் 2 இழை. மறுபடி மடித்து இழுத்தால் 4. மூன்றாம் முறை 8. எட்டாம் முறை 2-இன் 8ஆம் அடுக்கு, அதாவது 256 இழை. ஒவ்வொன்றும் 1 மீட்டர் என்பதால் மொத்த நீளம் 256 மீட்டர்!

இழையின் பருமன் என்ன ஆகும்? மாவின் கன அளவு மாறாது. எனவே ஒவ்வொரு இழையின் குறுக்குப் பரப்பும் 256-இல் ஒரு பங்காகும். விட்டம் அதன் வர்க்கமூலத்தில் குறையும். அதாவது 16-இல் ஒரு பங்கு. 30 மில்லிமீட்டரை 16-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1.9 மில்லிமீட்டர். சாப்பிடத் தயாரான மீ! அடுக்கு எண்கள் எவ்வளவு வேகமாக வளரும் என்பதற்கு இதைவிடச் சுவையான எடுத்துக்காட்டு கிடைக்காது.

பானைக்குள் நடப்பது

மீ வேகும்போது இரண்டு மாற்றங்கள் நிகழ்கின்றன. வெப்பத்தால் புரத வலை கெட்டிப்படுகிறது. வலைக்குள் சிக்கியிருக்கும் மாவுச்சத்துத் துகள்கள் சுமார் 60 பாகை செல்சியஸைத் தாண்டும்போது தண்ணீரை உறிஞ்சி வீங்கிக் கூழாகின்றன. மாவுச்சத்துக்கு உங்கள் மலாய் அறிவியல் பாடத்தில் ‘கஞ்சி’ என்ற சொல் வரும். அது நம் கஞ்சிதான்.

வெப்பமும் நீரும் மேற்பரப்பிலிருந்து நடுவுக்கு ஊடுருவ நேரம் எடுக்கும். அந்த நேரம் பருமனின் வர்க்கத்தையொட்டிக் கூடும். 1 மில்லிமீட்டர் கீற்று வேக ஒரு நிமிடம் ஆகும் என்றால், 2 மில்லிமீட்டர் கீற்றுக்கு ஏறத்தாழ நான்கு நிமிடம் தேவைப்படும். இதனால்தான் பிய்த்துப் போட்ட மீ ஹூன் குவேயில் ஒரே துண்டில் இரண்டு சுவை கிடைக்கிறது. ஓரம் மெல்லியது, அது குழைந்திருக்கும். நடு பருமன், அது கடிபடும். இயந்திரத்தில் ஒரே அளவாக வெட்டிய மீயில் இந்த வேறுபாடு வராது. கையால் செய்ததன் குறையாகத் தெரியும் ஏற்ற இறக்கமே நாக்குக்கு விருந்தாகிறது.

இன்னொன்று, மேற்பரப்பு. உருண்டையான மீ இழையின் விட்டம் பாதியானால், அதே எடை மீக்கு வெளிப்பரப்பு இரு மடங்காகும். சூப்பும் சாறும் ஒட்டுவது வெளிப்பரப்பில்தான். ஆகவே சாறு தூக்கலாக வேண்டும் என்பவர்கள் மெல்லிய மீயைக் கேட்கலாம். மாவின் கடி வேண்டும் என்பவர்கள் பருத்த மீயையோ பிய்த்ததையோ கேட்கலாம்.

மலிவு எப்படி?

மலேசியாவில் கோதுமை விளைவதில்லை. ஆஸ்திரேலியா போன்ற நாடுகளிலிருந்து தானியமாக வந்து, இங்கே ஆலைகளில் மாவாகிறது. இவ்வளவு தூரம் வந்தும் மாவு மலிவுதான். வீட்டுக்கு வாங்கும் சாதாரண மாவின் 1 கிலோ பொட்டலம் பல ஆண்டுகளாக 1 வெள்ளி 35 சென் என்ற கட்டுப்பாட்டு விலையில் விற்கப்பட்டு வந்தது. கடைக்காரர்கள் பெரிய மூட்டையாக, கூடுதல் விலைக்கு வாங்குவார்கள். இரு மடங்கு விலை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிண்ணத்துக்கு 120 கிராம் மாவு போனால் அதன் செலவு சுமார் 32 சென்.

அப்படியானால் நீங்கள் கொடுக்கும் காசில் பெரும்பகுதி எதற்குப் போகிறது? நெத்திலி, கீரை, முட்டை, காளான், எரிவாயு, இட வாடகை, எல்லாவற்றுக்கும் மேலாகக் கை உழைப்பு. உழைப்பவர் கடையின் சொந்தக்காரரே என்றால், குடும்பத்தில் இருவர் மூவர் சேர்ந்து நடத்தினால், கோப்பிக் கடையின் ஒரு மூலையை மட்டும் வாடகைக்கு எடுத்திருந்தால், செலவு குறையும். குளிரூட்டிய பேரங்காடியில் அதே கிண்ணத்துக்கு விலை கூடுவதற்கு மாவு காரணமில்லை.

இதில் கவலைக்குரிய ஒன்றும் இருக்கிறது. விடியற்காலையில் எழுந்து மாவு பிசையும் இந்த வேலைக்குத் தோளும் மணிக்கட்டும் வலுவாக இருக்க வேண்டும். பல கடைகளில் கையால் சுற்றும் உருளை இயந்திரம் வந்துவிட்டது. அதில் தவறில்லை, மாவு அன்றன்றைக்குப் பிசைந்ததாக இருந்தால் சுவை பெரிதாகக் குறையாது. ஆனால் பிள்ளைகள் தொழிலைத் தொடராவிட்டால் அந்தக் கடை மூடப்படும்; விரல்கள் பழகிய அந்த அறிவும் அதோடு போய்விடும்.

எச்சரிக்கை: விறைப்பு எல்லாம் நல்லதல்ல

ஜொகூரின் வெப்பத்தில் ஈரமான மீ விரைவில் கெடும். சில பாக்டீரியாக்கள் சாதகமான சூழலில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரு மடங்காகும். 6 மணி நேரத்தில் 18 முறை. 2-இன் 18ஆம் அடுக்கு 262,144. மீயை இழுத்த அதே கணக்கு இங்கே நமக்கு எதிராக வேலை செய்கிறது.

கெடாமல் இருக்கவும் விறைப்பாக இருக்கவும் சிலர் முன்பு மீயில் போரிக் அமிலத்தையோ வெண்காரம் எனப்படும் போராக்ஸையோ கலந்தார்கள். கேரம் பலகையில் தூவும் பொடியாகப் போரிக் அமிலத்தைப் பார்த்திருப்பீர்கள். அது உணவுப் பொருள் அல்ல. கூடுதலாக உடலில் சேர்ந்தால் வாந்தியில் தொடங்கிச் சிறுநீரகப் பாதிப்பு வரை கொண்டுபோகும். மலேசியாவின் 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளின்படி மீயில் அதைச் சேர்க்கக் கூடாது. காரநீர் வேறு, வெண்காரம் வேறு. இரண்டும் மீயை விறைப்பாக்கும் என்பதால் ஒன்றை மற்றொன்றாக எண்ணிவிடக் கூடாது.

உணவில் கவனக்குறைவு எவ்வளவு விலை கேட்கும் என்பதை நம் நாடு ஒருமுறை பார்த்திருக்கிறது. 1988 அக்டோபரில், பேராக் மாநிலத்தில், ஒன்பது பேரரசர் திருவிழா நாள்களில், ‘லோ ஷீ ஃபன்’ என்ற அரிசி மீயைச் சாப்பிட்ட 13 சிறுவர்கள் கல்லீரல் செயலிழந்து இறந்தார்கள். பூஞ்சையில் உண்டாகும் அஃப்லாடாக்சின் என்ற நஞ்சே முக்கியக் காரணம் என்று பின்னர் வெளியான மருத்துவ ஆய்வு கூறியது. அஃப்லாடாக்சின் சாதாரணச் சமையல் வெப்பத்தில் முழுவதும் அழிவதில்லை. கொதிக்க வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணம் தவறு என்பதற்கு அந்தத் துயரமே சான்று. மூலப்பொருள் தூய்மையாகவும் புதிதாகவும் இருப்பதற்கு மாற்று கிடையாது. அன்று பிசைந்து அன்றே தீர்ந்துபோகும் சின்னக் கடையின் பெருமை இங்கேதான் புரியும்.

உங்கள் வட்டாரத்தில் தேடுவது எப்படி?

பெயர்ப்பலகையில் தொடங்குங்கள். கையால் செய்த மீக்குச் சீனத்தில் ‘ஷோவ் கோங் மியென்’ என்பார்கள். ‘ஷோவ்’ என்றால் கை. மேலே சாய்ந்த சிறு கோடு, அதன்கீழ் இரண்டு கிடைக்கோடு, நடுவில் கொக்கிபோல் இறங்கும் ஒரு கோடு. ‘கோங்’ என்றால் வேலை. இரண்டு கிடைக்கோடுகளை நடுவில் ஒரு நேர்கோடு இணைக்கும். இந்த இரண்டு எழுத்துகளை அடையாளம் கண்டால் பாதித் தேடல் முடிந்தது.

அடுத்து கண்ணுக்கு வேலை. மாவு பலகையும் மூடிய உருண்டைகளும் தெரிகின்றனவா? நீங்கள் கேட்ட பிறகு மாவை வெட்டுகிறார்களா, பிய்க்கிறார்களா? மீயின் ஓரங்கள் ஏற்ற இறக்கமாக உள்ளனவா? பானை தளதளவென்று கொதிக்கிறதா, தண்ணீரை அவ்வப்போது மாற்றுகிறார்களா? பழைய தண்ணீரில் மாவுச்சத்து சேர்ந்துபோனால் மீ பிசுபிசுக்கும்.

மூன்றாவது, கூட்டம். நீண்ட வரிசை சுவைக்கு மட்டும் அடையாளமல்ல. மாவு தேங்கி நிற்காமல் தீர்ந்துகொண்டே இருக்கிறது என்பதற்கும் அதுவே அடையாளம். பட்டியலில் நாலைந்து வகை மட்டும் உள்ள கடையில் ஒவ்வொன்றும் அடிக்கடி செய்யப்படும்.

நான்காவது, கேளுங்கள். ‘ஆன்டி, இனி மீ புவாட் செண்டிரி கெ?’ என்று மலாயில் கேட்டால் போதும். சொந்தமாகச் செய்பவர் பெருமையோடு பதில் சொல்வார்.

நம் வீட்டு வழக்கத்துக்குத் தகுந்தபடியும் கேட்டுக்கொள்ள வேண்டும். பான் மீயில் பெரும்பாலும் பன்றி இறைச்சிக் கொத்து போடுவார்கள். சூப்பில் நெத்திலி இருக்கும். மாவிலேயே முட்டை சேர்ந்திருக்கலாம். முஸ்லிம் நண்பர்கள் ஹலால் சான்றிதழைப் பார்க்க வேண்டும். சைவம் உண்பவர்கள் சீனச் சைவக் கடைகளுக்குப் போகலாம்; அங்கேயும் முட்டையைப் பற்றிக் கேட்பது நல்லது. அங்கே கிடைக்கும் சைவ இறைச்சிகளில் சில, மாவிலிருந்து கழுவி எடுத்த குளூட்டனால் ஆனவை. சீனத்தில் அதை ‘மியென் சின்’ என்பார்கள். மாவின் தசைநார் என்று பொருள். பொருத்தமான பெயர்!

கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாதவர்கள் இந்த மீயைத் தவிர்க்க வேண்டும். மற்றவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். உப்பின் பெரும்பகுதி சூப்பில்தான் இருக்கும். உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பைப் பரிந்துரைக்கிறது. மீயைச் சாப்பிட்டுவிட்டு, சூப்பில் கொஞ்சம் மீதி வைப்பதில் தப்பில்லை.

வீட்டில் செய்து பாருங்கள்

சோதனை 1: ஒரு கிண்ணம் கோதுமை மாவில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுக் கெட்டியாகப் பிசையுங்கள். அரை மணி நேரம் மூடி வையுங்கள். பிறகு ஒரு பாத்திரத் தண்ணீருக்குள் உருண்டையை மெல்லப் பிசைந்து கழுவுங்கள். தண்ணீர் பால்போல் வெளுக்கும், அது மாவுச்சத்து. தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவினால் கடைசியில் சூயிங்கம் போன்ற ஒரு கட்டி கையில் மிஞ்சும். அதுதான் குளூட்டன். பள்ளி ஆய்வுக்கூடத்தில் அந்த வெண்ணீரில் ஒரு சொட்டு அயோடின் விட்டால் கருநீலமாகும். அரிசி மாவிலும் இதையே செய்யுங்கள். கையில் என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள்.

சோதனை 2: மஞ்சள் தூளைத் தண்ணீரில் குழைத்து வெள்ளைத் தாளில் பூசிக் காயவையுங்கள். சந்தையில் வாங்கிய மஞ்சள் மீயைச் சிறிது வெந்நீரில் ஊறவைத்து, அந்த நீரில் ஒரு சொட்டைத் தாளில் விடுங்கள். காரம் போதுமான அளவு இருந்தால் அந்த இடம் செம்பழுப்பாகும். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமமும் ஆரத்தி நீரும் செய்கிறோமே, அதே வேதியியல். அதன்மேல் எலுமிச்சைச் சாறு விட்டால் மீண்டும் மஞ்சளாகும். ஆய்வுக்கூடங்களிலும் போரிக் அமிலத்தைக் கண்டறிய மஞ்சள் தாளைப் பயன்படுத்துவார்கள்; ஆனால் அதற்கு வலுவான அமிலமும் பயிற்சியும் தேவை. வீட்டுச் சோதனையை வைத்து எந்தக் கடையையும் குற்றம் சொல்லிவிடாதீர்கள். சந்தேகம் இருந்தால் பெரியவர்கள் மூலம் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவிப்பதே முறை.

தினையில் பிறந்த மீ

மீ எவ்வளவு பழையது? சீனாவின் சிங்ஹாய் மாநிலத்தில் லாஜியா என்ற இடத்தில், கவிழ்ந்து கிடந்த ஒரு மண் கிண்ணத்துக்கு அடியில் சுமார் 4,000 ஆண்டுப் பழைமையான மீ கிடைத்தது. 2005ஆம் ஆண்டு ‘நேச்சர்’ ஆய்விதழில் அந்தச் செய்தி வெளியானது. மெல்லிய மஞ்சள் இழைகள். நீளம் 50 சென்டிமீட்டர் வரை. வியப்பு என்னவென்றால், அது கோதுமையில் செய்யப்படவில்லை. நமக்குப் பழக்கமான தினை, பனிவரகு ஆகிய சிறுதானியங்களில் செய்யப்பட்டது என்று ஆய்வாளர்கள் கண்டார்கள்.

குளூட்டன் இல்லாத தினை மாவை எப்படி இவ்வளவு நீளமாக இழுத்திருக்க முடியும் என்று மற்ற அறிவியலாளர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. பிறகு அதே ஆய்வுக் குழுவினர், தினை மாவைக் கூழ்ப்பதமாக்கி ஓர் அச்சில் வைத்து அழுத்திப் பிழிந்தால் அத்தகைய இழைகள் வரும் என்று செய்து காட்டினார்கள்.

அச்சில் பிழிவதா? நம் வீட்டு இடியாப்ப உரலும் அதைத்தானே செய்கிறது! வலை பின்னும் புரதம் இருந்தால் இழு, இல்லாவிட்டால் பிழி. உலகில் மீ செய்யும் வழிகளில் பெரும்பாலானவற்றை இந்த ஒரு வரியில் அடக்கிவிடலாம்.

இந்த வார இறுதியில் குடும்பத்தோடு சாப்பிடப் போகும்போது, ஒட்டுக்கடையின் பலகை அருகில் சற்று நேரம் நின்று பாருங்கள். மாவு எவ்வளவு நேரம் ஓய்வெடுக்கிறது, கீற்று எத்தனை மில்லிமீட்டர் இருக்கும், வேக எத்தனை நிமிடம் ஆகிறது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். இரண்டு மூன்று கடைகளை ஒப்பிட்டால் உங்கள் தாமானுக்கு ஒரு நல்ல மீ வரைபடம் தயாராகிவிடும். அறிவியல் விழாவுக்குத் தலைப்பு தேடுபவர்களுக்கு அதுவே போதும்.